கால்கின்ஸ் அம்மையாரை 1845-லேயே நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் வரலாறு எழுதிய பெண்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, கனெக்டிகட் மாநிலத்துப் பிரான்சிஸ் மேன்வரிங் கால்கின்ஸுக்கு ஏழு வரி ஒதுக்கியிருந்தது. அந்த ஏழு வரிக்குள் மூன்று பிழைகள். பள்ளிக்கூட வேலை போக மிச்ச நேரத்தில் ஊர்க்கதை தொகுத்தவர் என்கிறது ஒரு வரி. அவருடைய நார்விச் நகர வரலாறு 1866-இல் மறுபதிப்பு கண்டது என்கிறது இன்னொன்று. அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் என்பது மூன்றாவது.

மூன்றாவதை உடனே முடித்துவிடலாம். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் தொடங்கியது 1884-இல். கால்கின்ஸ் காலமானது 1869 பிப்ரவரி 3-ஆம் தேதி. அவரைத் தேர்ந்தெடுத்தது பாஸ்டனில் 1791-இல் நிறுவப்பட்ட மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம், ஆண்டு 1849. அச்சங்கத்துக்குள் வந்த முதல் பெண் அவர்தான். அவருக்குப் பிறகு இன்னொரு பெண்ணைச் சேர்க்க அங்கிருந்த பெரியவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

"மிச்ச நேரம்" என்பது ஆண்டுக் கணக்கிலேயே நிற்காது. 1795 ஏப்ரல் 26-இல் நியூ லண்டனில் பிறந்தவர் அவர். தந்தையை அறியாமல் வளர்ந்த பெண். மாமா கிறிஸ்டோபர் மேன்வரிங்கின் வீட்டில் நல்ல நூலகம் இருந்தது. நார்விச்சில் லிடியா ஹன்ட்லி, நான்சி மரியா ஹைட் இருவரும் நடத்திய பள்ளியிலும் படித்தார். (இந்த லிடியாதான் பிற்காலத்தில் சிகர்னி அம்மையார் என்று கவிஞராகப் பெயர் பெற்றவர்.) 1819-இல் மாற்றாந்தந்தை இறந்ததும் குடும்பத்துக்கு வருமானம் வேண்டியிருந்தது. 1820 ஜனவரியில் நார்விச்டவுனில் பெண்களுக்கான பள்ளியைத் திறந்தார். 1829-இல் நியூ லண்டன் பெண்கள் அகாடமிக்குத் தலைமையேற்றுப் போனார். 1832-இல் நார்விச்சுக்கே திரும்பினார். 1834 முடிவோடு ஆசிரியத் தொழிலை விட்டார். இடைப்பட்ட காலத்தில் அவரிடம் படித்த பெண்கள் ஏறத்தாழ 400 பேர். முதல் வரலாற்று நூல் வெளிவந்தது 1845-இல், அதாவது பள்ளியை விட்டுப் பத்தாண்டு கழித்து. அப்புறம் எந்த வேலையின் மிச்ச நேரம் அது? பட்டப்படிப்பு இல்லையே என்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் இதில் முந்திக்கொண்ட ஓபர்லின் கல்லூரியே பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டது 1837-இல்தான், அப்போது அம்மையாருக்கு வயது 42.

இனி இரண்டாவது பிழை. இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான். அதை உங்கள் கட்டுரையாளர் மட்டும் செய்யவில்லை. நியூ இங்கிலாந்து என்னும் வடகிழக்கு அமெரிக்க மாநிலங்களைப் பற்றி எழுதும் பலரும் செய்கிறார்கள்.

1866-இல் வந்தது மறுபதிப்பு அல்ல, புதிதாக எழுதப்பட்ட நூல். இரண்டின் தலைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். 1845 நூல் நார்விச்சின் வரலாற்றை "1660-இல் குடியேற்றம் நிகழ்ந்தது முதல்" என்று தொடங்குகிறது. 1866 நூலின் தலைப்பு "பழங்குடியினர் வசம் இருந்த காலம் முதல்" என்று மாறிவிட்டது. 21 ஆண்டு இடைவெளியில் ஓர் ஊரின் கதை எங்கே தொடங்குகிறது என்பதையே அவர் மாற்றிக்கொண்டிருக்கிறார். பக்கமும் இரட்டிப்பை ஒட்டி வளர்ந்தது. இடையில் என்ன நடந்தது என்றால், 1852-இல் அவர் நியூ லண்டன் வரலாற்றை எழுதி முடித்திருந்தார். நியூ லண்டன் 1646-இல் இளைய ஜான் வின்த்ராப் தொடங்கிய குடியிருப்பு. நார்விச்சைவிட 14 வயது மூத்தது. இரண்டு ஊரிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே குடும்பங்கள், ஒரே எல்லைச் சண்டைகள். மூத்த ஊரின் ஏடுகளை, அதாவது ஊர் அலுவலகப் பதிவேடுகளை, பக்கம் பக்கமாகப் பார்த்த பிறகு இளைய ஊரிடம் திரும்பி வந்து, முன்பு எழுதியதைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி எழுதினார். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அச்சில் வந்த தன் நூலை இப்படித் திருத்தி எழுதும் துணிவு இன்றைக்குப் பேராசிரியர்களிடமே அரிது.

ஆகவே நார்விச் பற்றி மேற்கோள் காட்டுபவர்கள் 1866 நூலையே காட்ட வேண்டும். 1845 நூல் சின்னது, கைக்கு அடக்கம், இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதெல்லாம் காரணமாகாது. முதல் நூலுக்கும் ஒரு பயன் உண்டு: இரண்டிலும் ஒரே செய்தி வேறு வேறாக இருந்தால், அந்த இடத்தில் புது ஆவணம் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கலாம். தேட வேண்டிய இடம் அது என்று தெரிந்துவிடும்.

அவருடைய நூல்களை வைத்துக் குடும்ப வரலாறோ ஊர் வரலாறோ தேடுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள் சில இருக்கின்றன. கட்டுரை தொடாதவை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் எல்லை. 1659 ஜூன் 6-ஆம் தேதியிட்ட பத்திரத்தின்படி மொஹீகன் பழங்குடித் தலைவர் அன்காஸும் அவர் மகன்கள் இருவரும் 70 பவுண்டுக்கு விற்ற நிலம், பக்கத்துக்கு 9 மைல் கொண்ட சதுரம். 81 சதுர மைல், அதாவது 51,840 ஏக்கர். இன்றைய வரைபடத்து நார்விச் அதில் ஒரு துண்டுதான். பாஸ்ரா, ஃபிராங்க்ளின், லிஸ்பன் மூன்றும் 1786-இல் நார்விச்சிலிருந்து பிரிந்தவை. ஃபிராங்க்ளினில் இருக்கும் ஒரு பண்ணையின் 1750-ஆம் ஆண்டுக் கிரயத்தை ஃபிராங்க்ளின் அலுவலகத்தில் தேடினால் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கலாம். அது நார்விச் ஏட்டில் இருக்கும். நியூ லண்டனும் இப்படித்தான். அதிலிருந்து குரோட்டன் 1705-இலும், மான்ட்வில் 1786-இலும், வாட்டர்ஃபோர்ட் 1801-இலும் பிரிந்தன. குரோட்டனிலிருந்து 1836-இல் லெட்யார்ட் பிரிந்தது. ஒருவர் 1690-இல் நியூ லண்டனில் பிறந்து 1750-இல் குரோட்டனில் இறந்தார் என்று படித்ததும் "ஆற்றைக் கடந்து குடிபெயர்ந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். மனிதர் பிறந்த வீட்டைவிட்டு நகராமலே இருந்திருக்கலாம், நகர்ந்தது எல்லைக்கோடு.

உயில்களுக்கு வேறு கணக்கு. கனெக்டிகட்டில் நிலப் பத்திரம் அந்தந்த ஊர் எழுத்தரிடம் இருக்கும். உயிலும் இறந்தவரின் சொத்துப் பட்டியலும் உயில் நீதிமன்ற வட்டத்தில் இருக்கும். ஊரின் எல்லையும் வட்டத்தின் எல்லையும் ஒன்றல்ல. நார்விச்சுக்குத் தனி வட்டம் 1748-இல்தான் வந்தது. அதற்கு முன் இறந்த நார்விச்வாசியின் உயிலை நியூ லண்டன் வட்டத்தில் பார்க்க வேண்டும்.

அடுத்தது நாள்காட்டி. இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். 1752 வரை ஆங்கிலேயக் குடியேற்றங்களில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. எனவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரையிலான நாட்கள் முந்தைய ஆண்டின் கணக்கில் விழும். கவனமான எழுத்தர்கள் 1716/17 என்று இரண்டையும் எழுதினார்கள். எல்லோரும் அப்படிக் கவனமாக இல்லை. மாதத்தை எண்ணால் எழுதும் வழக்கமும் இருந்தது. "முதல் மாதம்" என்றால் மார்ச், "பன்னிரண்டாம் மாதம்" என்றால் பிப்ரவரி. 7 என்ற எண்ணோடு 'பர்' சேர்த்து எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. 8-உம் 'பர்'-உம் சேர்ந்தால் அக்டோபர். 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. 11 நாள் காணாமல் போனது.

கணக்கு எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கல்லறைக் கல்லில் "1790 ஜூன் 20-இல் இறந்தார், வயது 73 ஆண்டு 4 மாதம் 12 நாள்" என்று இருப்பதாகக் கொள்வோம். பின்னோக்கிக் கழித்தால் முதலில் 1717 ஜூன் 20, பிறகு பிப்ரவரி 20, கடைசியாக 1717 பிப்ரவரி 8. இது புதிய நாள்காட்டி. பழைய கணக்குக்குப் போக 11 நாள் கழித்தால் ஜனவரி 28. மார்ச் 25-க்கு முந்தைய தேதி என்பதால் ஊர் ஏட்டில் ஆண்டு 1716 என்று இருக்கும். ஆக, கல்லின்படி 1717 பிப்ரவரி 8. ஏட்டின்படி 1716 ஜனவரி 28. ஓராண்டு வித்தியாசம் தெரிவதால் இருவர் என்று முடிவுகட்டி, முதல் குழந்தை இறந்துபோய் அதே பெயரை இரண்டாவது குழந்தைக்கு வைத்தார்கள் என்று கதையும் எழுதிவிடுகிறார்கள். இருப்பது ஒரே ஆள். இன்னொரு சிக்கலும் உண்டு. சில குடும்பங்கள் 1752-க்குப் பிறகும் பிறந்தநாளைப் பழைய தேதியிலேயே வைத்துக்கொண்டன. அப்போது கல்லும் ஏடும் நாளில் ஒத்துப்போகும். அங்கே 11-ஐக் கழித்தால் நாமே பிழையை உண்டாக்கியவர்களாவோம். இரண்டு வழியாகவும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தேதி எழுதக் கூடாது. "45-ஆம் வயதில்" என்று கல்லில் இருந்தால் நிறைந்த வயது 44 என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கல் என்றதும் கால்கின்ஸின் இன்னொரு வேலையைச் சொல்லியாக வேண்டும். குரோட்டன் கல்லறைக் கற்களைப் பற்றி அவர் எழுதி வைத்தது அவர் மறைந்து 34 ஆண்டுகள் கழித்து, 1903-இல் அச்சாயிற்று. கல்வெட்டைப் படியெடுப்பதில் கல்லின் இனம் முக்கியம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்லேட் கற்களில் உளி வெட்டு இன்றும் கூர்மையாக நிற்கும். கனெக்டிகட் பள்ளத்தாக்குச் செம்மணற்கல் உள்ளே ஈரம் புகுந்து, குளிரில் உறைந்து விரிந்து, ஏடு ஏடாக உரிந்துபோகும். எழுத்து இருந்த தோல் மொத்தமாகக் கழன்று விழுந்துவிட்டால் மீட்க வழியே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பளிங்கு, அமில மழையில் சர்க்கரைபோல் கரைந்து எழுத்து மழுங்கும். 1850-களில் படிக்க முடிந்த செம்மணற்கல்லை இன்று படிக்க முடியாமல் போகும்போது அன்றைய படிதான் மூலம்.

படிக்கும் முறை எளிது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் பார்த்துப் போக வேண்டும். கல்லின் முகம் வடக்கே பார்த்திருந்தால் வெயிலே படாது. அப்போது ஓர் ஆள் சற்றுத் தள்ளி நின்று கண்ணாடியால் ஒளியைக் கல்லின் ஓரத்திலிருந்து முகத்தை உரசிக்கொண்டு போகும்படி திருப்பினால், வெட்டின் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டலாம், வெறும் தண்ணீர் தெளிக்கலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சவர நுரையைப் பூசித் துடைப்பது எழுத்தைப் பளிச்சென்று காட்டும்; ஆனால் அதிலுள்ள அமிலம் கல்லின் துளைகளில் தங்கி அரிக்கும். கம்பித் தூரிகையும் பிளீச்சிங்கும் அதைவிடக் கேடு. படித்த பிறகு சந்தேகப்பட வேண்டியவை எண்கள்: 1-உம் 7-உம், 3-உம் 8-உம், 4-உம் 9-உம் தேய்ந்தால் ஒன்றாகத் தெரியும். அடி வரி மண்ணுக்குள் புதைந்திருக்கும் கற்கள் நிறைய உண்டு. இறந்த ஆண்டு பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கையெழுத்தில் 'ஒய்' எழுத்தும் அதன் தலைமேல் சின்ன 'ஈ' எழுத்தும் இருந்தால் அதை 'தி' என்று வாசிக்க வேண்டும். 'யீ' என்று ராகம் போட்டு வாசிப்பது வேடிக்கைக்காகச் சுற்றுலாக் கடைப் பலகைகளில் வந்த பழக்கம். நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தோன்றும்.

உறவுச் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. ஜூனியர் என்றால் மகன் என்று பொருளல்ல. அதே ஊரில் அதே பெயருள்ள இருவரில் இளையவர் என்று மட்டுமே பொருள். பெரியப்பாவும் தம்பி மகனும் சீனியர், ஜூனியர் ஆகலாம். சீனியர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். மூன்றாமவர் ஜூனியர் பட்டத்துக்கு வருவார். ஆக 1720 பத்திரத்து ஜூனியரும் 1740 பத்திரத்து ஜூனியரும் வேறு ஆட்களாக இருக்கலாம். 'சன்-இன்-லா' என்று எழுதியிருந்தால் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் திருமணத்து மகனாகவும் இருக்கலாம். 'கசின்' என்பது பல உயில்களில் உடன்பிறந்தவரின் பிள்ளையைக் குறிக்கும். 'மிஸஸ்' என்ற மரியாதை, குடும்பத்தின் தகுதியைப் பொறுத்து மணமாகாத பெண்ணுக்கும் வழங்கியது. 'மிஸ்டர்' எல்லோருக்கும் கிடைக்காது. சாதாரணக் குடியானவர் 'குட்மேன்'தான்.

பணம்: 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ஆனால் பவுண்டு எல்லாம் ஒரே பவுண்டு அல்ல. ஸ்பானிய வெள்ளி டாலர் ஒன்று, இங்கிலாந்து ஸ்டெர்லிங் கணக்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். நியூ இங்கிலாந்தின் 'சட்டப் பணம்' என்ற கணக்கில் 6 ஷில்லிங். 'ஓல்டு டெனர்' என்று குறித்திருந்தால் அது மதிப்பிழந்துகொண்டே போன காகிதப் பணம். 1750-ஐ ஒட்டிய சொத்துப் பட்டியலில் ஒரு பசுவுக்குப் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து மலைத்துப் போவதற்கு முன், எந்தப் பணம் என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கால்கின்ஸ் எப்படிக் கையாண்டார் என்று காட்டும் ஓரிடம், மேடம் நைட் பற்றிய பகுதி. சாரா கெம்பிள் நைட் 1704-இல் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குதிரையில் போய்வந்து நாட்குறிப்பு எழுதியவர். அது 1825-இல் அச்சானபோது எழுதியவர் யார் என்பதே வாசகர்களுக்குப் புதிராக இருந்தது. அவர் பிற்காலத்தில் வாழ்ந்தது நார்விச்சிலும் நியூ லண்டனிலும். 1727-இல் நியூ லண்டனில் அடக்கம் ஆனார். கால்கின்ஸ் ஊர் ஏட்டைப் புரட்டி எடுத்த தகவல்: 1717 ஆகஸ்டில், தேவாலயத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இருக்கையிலேயே உட்கார ஊர்க்கூட்டம் அனுமதி தந்தது. நற்கருணைப் பணிக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்றை அவர் அளித்திருந்தார். மறு ஆண்டே, பழங்குடியினருக்கு மது விற்றதாக அவர்மேல் வழக்கு, அபராதமும் விழுந்தது. பக்தி நூல்கள் எழுதும் ஒரு பெண், இன்னொரு பெண்ணின் கோவில் கிண்ணத்தையும் சாராய அபராதத்தையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் நகர்கிறார். ஊர்க்கதை தொகுப்பவர்கள் இதில் ஒன்றை மறைத்திருப்பார்கள்.

ஜோஷுவா ஹெம்ப்ஸ்டெட்டின் நாட்குறிப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். நியூ லண்டனில் விவசாயி, கப்பல் தச்சர், நில அளவையாளர், கல்லறைக் கல் வெட்டுபவர் என்று பல தொழில் பார்த்தவர் அவர். 1711 முதல் 1758 வரை நாள் தவறாமல் எழுதினார். அது அச்சுக்கு வந்தது 1901-இல். கால்கின்ஸ் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கையெழுத்துப் பிரதியைப் படித்துத் தன் நூலில் பயன்படுத்திவிட்டார். நாட்குறிப்பு இப்போது எல்லோருக்கும் கிடைப்பதால் அவர் எடுத்தாண்டதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல இடங்களில் "ஊர் ஏடு சொல்கிறது" என்பார். எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டார். இதற்கு மருந்து உண்டு. ஊர்க்கூட்ட ஏடுகள் தேதி வரிசையில் இருப்பவை. அவர் தரும் தேதியைப் பிடித்துப் போனால் இடம் கிடைத்துவிடும். நிலம் பற்றியது என்றால் விற்றவர் பெயர் அட்டவணை, வாங்கியவர் பெயர் அட்டவணை இரண்டையும் பார்க்க வேண்டும்; ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும். பிறப்பு, திருமணம், இறப்புக்கு ஹார்ட்ஃபோர்டில் மாநில நூலகத்திலுள்ள பார்பர் தொகுப்பும், நார்விச்சுக்கு 1913-இல் அச்சான இரண்டு தொகுதிகளும் உள்ளன. கல்லறைக் கற்களுக்கு 1930-களில் எடுத்த ஹேல் தொகுப்பு. ஹேலும் கால்கின்ஸும் முரண்பட்டால், கல் அதிகம் தேயாத காலத்தில் பார்த்தவர் கால்கின்ஸ் என்பதை மறக்கக் கூடாது. பார்பர் தொகுப்பு படியின் படி. அதில் கண்டதை மூல ஏட்டில் உறுதிசெய்யாமல் விடக் கூடாது.

உண்மையான குறை வேறு. ஜான் ரோஜர்ஸ் (1648–1721) தொடங்கிய ரோஜரின் என்ற கிறித்தவப் பிரிவினர், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிப் புனிதம் இல்லை என்று அன்று வெளிப்படையாக வேலை செய்தவர்கள். அதற்காக அபராதம், சவுக்கடி, சிறை எல்லாம் பட்டார்கள். கால்கின்ஸ் 1831-இல் காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் சேர்ந்தவர். ஓய்வுநாள் அனுசரிப்பை வலியுறுத்தித் துண்டு நூல் எழுதியவர். அவர் ரோஜரின்களை எழுதும்போது அரசு ஏட்டின் குரலே மேலோங்கிவிடுகிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் 1904-இல் ஒரு முழு நூலாகவே மறுப்பு எழுதினார்கள். இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மொஹீகன்கள் விஷயமும் அப்படியே. 1866 தலைப்பு அவர்களிடமிருந்து தொடங்குவது முன்னேற்றம்தான். ஆனால் அந்தக் காலத்து நியூ இங்கிலாந்து ஊர் வரலாறுகள் எல்லாமே பழங்குடியினரை மறைந்துகொண்டிருக்கும் இனமாகவே பார்த்தன. 1833-இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் நார்விச்சில் அன்காஸ் நினைவுத் தூணுக்கு அடிக்கல் நாட்டினார். தென்கிழக்கு மாநிலங்களின் பழங்குடியினரை மிசிசிப்பிக்கு அப்பால் விரட்டும் சட்டத்தில் 1830-இல் கையெழுத்திட்டவரும் அவரேதான். இறந்த தலைவருக்குத் தூண் எழுப்புவது அந்தக் காலத்துக்கு வசதியாக இருந்தது. மொஹீகன்கள் எங்கும் போகவில்லை. மான்ட்வில்லின் அன்காஸ்வில்லில் இன்றும் இருக்கிறார்கள். 1994-இல் அமெரிக்க அரசின் முறையான அங்கீகாரமும் பெற்றார்கள்.

வாய்மொழிச் செய்திகளில் மட்டும் சற்று நிதானம் வேண்டும். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் தாவிய தளபதி பெனடிக்ட் ஆர்னல்டு, 1781 செப்டம்பர் 6-இல் பிரிட்டிஷ் படையோடு வந்து நியூ லண்டனை எரித்தார். 140-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஆர்னல்டு பிறந்த ஊர் பக்கத்து நார்விச் என்பதால், கால்கின்ஸ் எழுதிய இரண்டு ஊர்களின் வரலாற்றுக்கும் உரியவர் அவர். ஆற்றுக்கு அக்கரையில் குரோட்டனின் கிரிஸ்வோல்டு கோட்டையில் தளபதி வில்லியம் லெட்யார்ட் சரணடைந்து வாளை நீட்டியபோது அதே வாளால் குத்தப்பட்டார் என்பது ஊர்ப்பேச்சு. குத்தியவர் மேஜர் பிராம்ஃபீல்டு என்பார்கள் ஒரு சாரார், கேப்டன் பெக்வித் என்பார்கள் இன்னொரு சாரார். 1852 நூல் எழுதப்பட்டபோது நிகழ்ச்சி நடந்து 71 ஆண்டுகள். சிறுவயதில் பார்த்தவர்கள் ஒரு சிலர் மிஞ்சியிருக்கலாம்; அவர்கள் சொன்னதும் வீட்டில் கேட்டு வளர்ந்ததும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருக்கும். லெட்யார்டின் வாஸ்கட் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதிலுள்ள துளைகள் பக்கவாட்டில் இருப்பதைக் காட்டி, குத்தியது துப்பாக்கி முனை ஈட்டி என்று வாதிடுவோரும் உண்டு. ஊர்ப்பேச்சுக்கு எதிராக ஒரு துணி சாட்சி சொல்லும் இடம் அது.

தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் அந்தக் கட்டுரை அப்படியே இருக்கிறது. "மறுபதிப்பு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "புதிதாக எழுதப்பட்ட நூல், 1866" என்று போடுங்கள். சங்கத்தின் பெயரையும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம், 1849 என்று திருத்துங்கள். "மிச்ச நேரத்தில்" என்ற சொல்லை நீக்கினால் ஏழு வரி ஆறாகும். மிஞ்சும் வரியில் 1852-இன் நியூ லண்டன் நூலைச் சேர்க்க இடமிருக்கிறது. கட்டுரை அதைக் குறிப்பிடவே இல்லை.

இப்படிக்கு,
நியூ இங்கிலாந்து ஊர் வரலாறுகளின் வாசகர் ஒருவர்